உங்கள் காரில் நீங்களே டோ பார் பொருத்தலாமா? ஸ்பேனரை எடுக்கும் முன் ஐந்து எண்களைப் பாருங்கள்

ஒரு டோ பார், சில போல்ட்டுகள், ஏழு பின் சாக்கெட் ஒன்று, நாலைந்து மீட்டர் வயர். ஆன்லைனில் ஆர்டர் பண்ணினால் வீட்டு வாசலுக்கே வந்துவிடும். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் மாட்டிவிடலாம் என்று தோன்றும். உண்மையில் மாட்டியும் விடலாம். மாட்டுவது அவ்வளவு கஷ்டமான வேலை இல்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. மாட்டிய பிறகு அந்தக் கார் எத்தனை கிலோவை இழுக்கலாம் என்று யார் சொன்னது? அந்த எண் எங்கே எழுதியிருக்கிறது? விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனியும் நீதிமன்றமும் கேட்கப்போவது இந்தக் கேள்வியைத்தான். இந்தியாவில் விற்கும் பல கார்களின் கையேட்டில் இதற்குப் பதில் இருக்காது. சிலவற்றில் "டிரெய்லர் இழுக்க ஏற்றதல்ல" என்று ஒரே வரியில் முடித்திருப்பார்கள்.

சுருக்கமாகச் சொன்னால், உங்கள் கார் கையேட்டில் இழுவைத் திறன் எழுதப்பட்டிருந்தால், அந்தக் காருக்கென்றே செய்த டோ பார் கிடைத்தால், டிரெய்லருக்கு ஆர்சியும் இன்சூரன்ஸும் இருந்தால், வேலையை நீங்களே செய்யலாமா என்று யோசிக்கலாம். முதல் எண்ணே இல்லையென்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். எழுதப்படாத எண்ணை "வரம்பு இல்லை" என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பூஜ்யம் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

டோ பார் எது, எது இல்லை?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். உங்கள் கார் டிக்கியில் ஜாக்கியுடன் ஒரு இரும்பு வளையம் இருக்கும். பம்பரில் உள்ள சின்ன மூடியைத் திறந்து, அந்த வளையத்தைத் திருகி மாட்டலாம். அது நின்றுபோன காரைக் கயிறு கட்டி இழுப்பதற்கானது. அதில் டிரெய்லரை மாட்டக் கூடாது.

டோ பார் என்பது பம்பருக்குப் பின்னால், காரின் அடிச்சட்டத்தோடு பல இடங்களில் போல்ட் போட்டு இறுக்கப்படும் குறுக்கு இரும்பு. அதன் நடுவிலிருந்து ஒரு கழுத்து வெளியே நீண்டு, முனையில் ஒரு உருண்டை இருக்கும். டிரெய்லரின் முன்பக்கத்தில் உள்ள கப்ளர் அந்த உருண்டைமேல் கவிழ்ந்து பூட்டிக்கொள்ளும். பக்கத்திலேயே ஒரு சாக்கெட் இருக்கும். டிரெய்லரின் பிரேக் விளக்கு, இண்டிகேட்டர், டெயில் விளக்கு எல்லாம் அதன் வழியாகத்தான் எரியும்.

இந்தியாவில் இதற்குத் தேவை உள்ளவர்கள் குறைவு. ஆனால் இல்லாமல் இல்லை. படகு வைத்திருப்பவர்கள், ரேஸ் காரை டிராக்குக்குக் கொண்டுபோகிறவர்கள், கேம்பிங் டிரெய்லர் வாங்கியவர்கள், பண்ணையிலிருந்து சந்தைக்குச் சரக்கு ஏற்றுகிறவர்கள் என்று பலர் இருக்கிறார்கள். இவர்களைத் தவிர இன்னொரு கூட்டமும் உண்டு. டிரெய்லரே இல்லாமல், பின்னால் வருகிறவன் இடித்தால் பம்பர் தப்பிக்கட்டும் என்று ஹிட்ச் மாட்டுகிறவர்கள். அவர்களிடம் கடைசியில் வருவோம்.

அந்த ஐந்து எண்கள்

1. காரின் இழுவைத் திறன். இது கார் தயாரிப்பாளர் மட்டுமே சொல்லக்கூடிய எண். என்ஜின் எவ்வளவு பவர் என்பதை வைத்து நீங்களாக முடிவு பண்ண முடியாது. கிளட்ச், கியர்பாக்ஸ், கூலிங், பிரேக், அடிச்சட்டம் எல்லாவற்றையும் சேர்த்துச் சோதித்துச் சொல்லும் எண் இது. டிரெய்லருக்குச் சொந்த பிரேக் இருந்தால் ஒரு எண், இல்லையென்றால் அதைவிடச் சிறிய வேறொரு எண். பிரிட்டனில் பிரேக் இல்லாத டிரெய்லருக்குப் பொதுவான உச்சவரம்பு 750 கிலோ அல்லது காரின் எடையில் பாதி, இதில் எது குறைவோ அது. அங்கேயும் தயாரிப்பாளர் சொன்ன எண் இதைவிடக் குறைவாக இருந்தால் அதைத்தான் பின்பற்ற வேண்டும்.

2. உருண்டைமேல் அழுத்தும் எடை. டிரெய்லரின் மொத்த எடை 500 கிலோ என்றால் பெரும்பகுதியை அதன் சக்கரங்கள் தாங்கும். ஒரு சிறு பகுதி மட்டும் உருண்டைமேல் செங்குத்தாக இறங்கும். ஐரோப்பாவில் டிரெய்லர் எடையில் சுமார் 5 முதல் 7 சதவீதம் என்பார்கள். அமெரிக்காவில் 10 முதல் 15 சதவீதம் என்பது வழக்கம். இது ரொம்பக் குறைந்தால் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும். ரொம்பக் கூடினால் காரின் பின்பக்கம் அமுங்கி முன்பக்கம் தூக்கும்.

3. டோ பாரின் சொந்தத் திறன். ஒழுங்காகச் சோதித்துச் செய்த டோ பாரில் ஒரு தகடு இருக்கும். ஐரோப்பிய ஒப்புதல் பெற்றவற்றில் டி, எஸ் என்று இரண்டு எண்களைப் பார்க்கலாம். எஸ் என்பது உருண்டைமேல் எத்தனை கிலோ இறங்கலாம் என்பது. டி என்பது காருக்கும் டிரெய்லருக்கும் இடையே முன்னும் பின்னும் இழுபடும் விசை, கிலோநியூட்டனில். கணக்கு சுலபம். இரண்டின் எடையையும் டன்னில் பெருக்கி, அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்து, 9.81-ஆல் பெருக்க வேண்டும். ஆள், சாமானோடு 1.7 டன் வரும் கார், 0.75 டன் டிரெய்லர் என்றால் விடை சுமார் 5.1. தகட்டில் உள்ள எண் அதைவிடக் குறைவாக இருந்தால் அந்த டோ பார் அந்த ஜோடிக்கு ஆகாது. தகடே இல்லையென்றால் கணக்குப் போடவே வழியில்லை.

4. பின் ஆக்சில் தாங்கும் எடை. இது கொஞ்சம் ஏமாற்றும் எண். உருண்டைமேல் 60 கிலோ இறங்கினால் பின் ஆக்சிலில் 60 கிலோதான் கூடும் என்று நினைப்போம். அப்படி இல்லை. உருண்டை பின் ஆக்சிலைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் அது ஒரு நெம்புகோல். ஆக்சிலிலிருந்து உருண்டை 1 மீட்டர் தூரம், முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைவெளி 2.6 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 கிலோ இறங்கும்போது பின் ஆக்சிலில் கூடுவது சுமார் 83 கிலோ. மீதி 23 கிலோ முன்சக்கரங்களிலிருந்து குறைகிறது. இந்தியாவில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு முன்சக்கரம்தான் இழுக்கிறது, திருப்புகிறது, பிரேக்கில் பெரும்பங்கு வேலையும் செய்கிறது. அங்கே எடை குறைவது மூன்றையும் பாதிக்கும். பின்சீட்டில் மூன்று பேர், டிக்கி நிறைய பெட்டி என்றால் ஆக்சிலின் வரம்பு ஏற்கெனவே நெருங்கியிருக்கும்.

5. உருண்டையின் விட்டம். ஐரோப்பிய அளவு 50 மி.மீ. அமெரிக்க அளவுகளில் ஒன்று 2 அங்குலம், அதாவது 50.8 மி.மீ. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் 2 அங்குல கப்ளரில் 50 மி.மீ. உருண்டை தளர்வாக உட்காரும். 50 மி.மீ. கப்ளரை 2 அங்குல உருண்டைமேல் போட்டால் பூட்டு முழுசாக விழாமல் போகலாம். சந்தையில் இரண்டு அளவும் கிடைக்கின்றன. உருண்டையிலும் கப்ளரிலும் பொறித்திருக்கும் அளவைப் படியுங்கள். பொறிப்பு இல்லையென்றால் வெர்னியர் காலிப்பர் வைத்து அளந்துவிடுங்கள்.

முதல் நான்கில் எது சிறிய வரம்போ அதுதான் உங்கள் வரம்பு. 3 டன் தாங்கும் ஹிட்ச்சை மாட்டினால் கார் 3 டன் இழுக்கும் காராக மாறிவிடாது. கடைக்காரர் காட்டுவது மூன்றாவது எண்ணை மட்டும். மற்ற மூன்றையும் நீங்கள்தான் தேட வேண்டும்.

பிரேக் பிடிக்கும்போது என்ன ஆகும்?

1,200 கிலோ எடையுள்ள கார் 60 கி.மீ. வேகத்தில் போகிறது. நல்ல சாலையில் முழு பிரேக் பிடித்தால் சுமார் 20 மீட்டரில் நிற்கும் என்று கொள்வோம். இப்போது பின்னால் பிரேக் இல்லாத 500 கிலோ டிரெய்லர். நிறுத்த வேண்டிய எடை 42 சதவீதம் கூடிவிட்டது. நிறுத்துவது அதே நான்கு டயர். தோராயமாகப் பார்த்தால் நிற்கும் தூரம் 28 மீட்டராகிறது.

எட்டு மீட்டர் என்பது இரண்டு சிறிய கார்களின் நீளம். முன்னால் போகிற ஆட்டோவுக்கும் உங்களுக்கும் நடுவே நம் ஊர்ச் சாலைகளில் அவ்வளவு இடைவெளி விடுகிறோமா என்று நீங்களே சொல்லுங்கள். இதில் டிரைவரின் கால் பிரேக்குக்குப் போக ஆகும் நேரத்தைச் சேர்க்கவே இல்லை. வளைவில் பிரேக் பிடித்தால் டிரெய்லர் காரின் வாலைப் பக்கவாட்டில் தள்ளும். அதையும் சேர்க்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இல் நான்கு இடங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, டிரெய்லரே ஒரு மோட்டார் வாகனம். அதில் என்ஜின் இல்லை, ஆனாலும் சட்டத்தின் பிரிவு 2-இல் உள்ள விளக்கப்படி "மோட்டார் வாகனம்" என்ற சொல்லுக்குள் டிரெய்லரும் அடக்கம். பதிவு பற்றிய விதிகள் டிரெய்லருக்கும் பொருந்தும் என்கிறது பிரிவு 61. ஆக, பட்டறையில் இரண்டு சக்கரத்தை வைத்து வெல்டிங் பண்ணிய வண்டியை, பதிவு இல்லாமல் பொதுச் சாலையில் இழுத்துக்கொண்டு போக முடியாது. டிரெய்லர் வாங்கும்போது விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது விலையை அல்ல, வகை ஒப்புதல் சான்றை. அது இல்லையென்றால் ஆர்டிஓ அலுவலகத்தில் பதிவு வேலை நகராது.

இரண்டாவது, பிரிவு 52. தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டு, ஆர்சியில் ஏறியிருக்கும் விவரங்கள் மாறும்படி வண்டியை உரிமையாளர் மாற்றக் கூடாது. "மாற்றம்" என்றால் வண்டியின் அடிப்படை அம்சங்களை மாற்றும் கட்டமைப்பு மாற்றம் என்று அதே பிரிவு விளக்குகிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைக் கறாராகவே படித்தது. பதிவுக்காகத் தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்ற முடியாது என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

அப்போ போல்ட் போட்டு மாட்டிய டோ பார் அடிப்படை அம்சத்தை மாற்றுகிறதா? பிரிவு 52-இல் டோ பார் என்ற சொல் இல்லை. தயாரிப்பாளரே அந்த மாடலுக்கு விற்கும் டோ பாரை, அவர் கொடுத்த துளைகளிலேயே மாட்டினால் உங்கள் பக்கம் வலுவான வாதம் இருக்கிறது. அடிச்சட்டத்தில் புதிதாகத் துளையிட்டு, பட்டறையில் செய்த இரும்பை வெல்டிங் பண்ணினால் அந்த வாதம் போய்விடும். சந்தேகம் இருந்தால் மாட்டும் முன்பே ஆர்டிஓ அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கி வையுங்கள்.

மூன்றாவது, தண்டனை. 2019 திருத்தம் சேர்த்த பிரிவு 182ஏ(4), அனுமதிக்கப்படாத வகையில் வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் வீதம் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. பின்னால் உதிரிபாகம் பொருத்துவதும் இதில் அடங்கும் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். "ஒரு மாற்றத்துக்கு" என்ற சொல்லைக் கவனியுங்கள். இரண்டு மாற்றம் என்றால் அபராதமும் இரண்டு மடங்கு.

நான்காவது, இன்சூரன்ஸ். மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் மோட்டார் வாகனத்தைப் பொது இடத்தில் ஓட்டக் கூடாது என்கிறது பிரிவு 146. மீறினால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதம் அல்லது 3 மாதம் வரை சிறை அல்லது இரண்டும். இந்தத் தொகை பெரிதல்ல. பெரிய தொகை விபத்துக்குப் பிறகு வரும். டிராக்டர்-டிரெய்லர் விபத்து வழக்குகளில் திரும்பத் திரும்ப எழும் கேள்வி, டிராக்டருக்கு இன்சூரன்ஸ் இருந்தது சரி, டிரெய்லருக்கு இருந்ததா என்பதுதான். இல்லையென்றால் லட்சக்கணக்கான இழப்பீடு யார் தலையில் விழும் என்பதற்கு ஆண்டுக்கணக்கில் வழக்கு நடக்கிறது. கார்-டிரெய்லருக்கும் இதே கேள்வி வரும். டோ பார் மாட்டியதைக் காரின் பாலிசி கொடுத்த கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

லைசென்ஸ் விஷயத்தில் கொஞ்சம் ஆறுதல் உண்டு. ஒரு டிராக்டரிலோ மோட்டார் வாகனத்திலோ டிரெய்லரை மாட்டியதால் மட்டுமே அது போக்குவரத்து வாகனமாக மாறிவிடாது என்று 2001-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஆனால் வாடகைக்குச் சரக்கு ஏற்றினால் கதை வேறு.

எலெக்ட்ரிக்கல் வேலை: இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்

போல்ட் சரியாக இறுகவில்லை என்றால் ஆட்டிப் பார்த்தால் தெரியும். வயரிங் தப்பு அப்படித் தெரியாது. வீட்டில் எல்லா விளக்கும் எரியும், மழையில் 40 கிலோமீட்டர் போன பிறகு அணைந்துவிடும்.

12 வோல்ட் ஏழு பின் சாக்கெட்டின் சர்வதேச வரிசை இது:

1 – மஞ்சள்: இடது இண்டிகேட்டர்
2 – நீலம்: பின் ஃபாக் விளக்கு
3 – வெள்ளை: எர்த்
4 – பச்சை: வலது இண்டிகேட்டர்
5 – பழுப்பு: வலது டெயில் விளக்கு
6 – சிவப்பு: பிரேக் விளக்கு
7 – கறுப்பு: இடது டெயில் விளக்கு

காரின் வயர்கள் இந்த நிறங்களில் இருக்காது. உள்ளூரில் செய்த டிரெய்லரும் இந்த வரிசையைப் பின்பற்றியிருக்கும் என்று நம்ப வேண்டாம். நிறத்தைப் பார்த்து இணைக்காமல், டெஸ்ட் லேம்ப் வைத்து ஒவ்வொரு வயரையும் சோதித்து இணையுங்கள்.

அடுத்தது வோல்டேஜ். நம் ஊர் பெரிய லாரிகள் 24 வோல்ட்டில் ஓடுபவை. லாரி சாமான் கடையில் டிரெய்லர் விளக்கு கேட்டால் 24 வோல்ட் பல்பு போட்ட செட் கைக்கு வரலாம். அது காரின் 12 வோல்ட்டில் எரியும், ஆனால் மங்கலாக. பகலில் பின்னால் வருகிறவருக்கு நீங்கள் பிரேக் பிடித்ததே தெரியாது.

பழைய காரில் டெயில் விளக்கு வயரைப் பிளந்து டிரெய்லர் வயரைக் கோத்துவிடுவார்கள். கணக்குப் பாருங்கள். இரண்டு பக்கமும் 21 வாட் பிரேக் பல்பு, மொத்தம் 42 வாட், 12 வோல்ட்டில் 3.5 ஆம்பியர். டிரெய்லரின் இரண்டு பல்பும் சேர்ந்தால் 7 ஆம்பியர். அந்த ஃப்யூஸும் வயரும் சுவிட்சும் இதற்காகக் கணக்கிடப்பட்டவை அல்ல.

புதிய காரில் நிலைமை இன்னும் மோசம். விளக்குகளை நேரடி சுவிட்ச் இயக்குவதில்லை. பாடி கண்ட்ரோல் மாட்யூல் என்ற சின்னக் கம்ப்யூட்டர் இயக்குகிறது. எல்இடி பின்விளக்கு எடுப்பது சில வாட் மட்டுமே. அந்த வயரில் இரண்டு 21 வாட் பல்பைத் தொங்கவிட்டால், "இங்கே ஷார்ட் ஆகிவிட்டது" என்று மாட்யூல் அந்த லைனையே அணைத்துவிடலாம். சில நேரம் மாட்யூலே போய்விடும். அதன் விலை டோ பாரின் விலையைத் தாண்டும். வாரண்டி கேட்டுப் போனால் பிளந்த வயரைக் காட்டித் திருப்பி அனுப்புவார்கள்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. பைபாஸ் ரிலே என்பது காரின் விளக்கு வயரிலிருந்து சமிக்ஞையை மட்டும் எடுத்துக்கொண்டு, டிரெய்லர் விளக்குக்கான கரண்ட்டை பேட்டரியிலிருந்து தனி ஃப்யூஸ் வழியாகக் கொடுக்கும். தயாரிப்பாளரே அந்த மாடலுக்கென்று வயரிங் கிட் விற்றால் அதுதான் முதல் தேர்வு. வயரைக் கடித்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப் வேண்டாம். நம் மழைக்கும் புழுதிக்கும் அது ஒரு பருவம்கூடத் தாங்காது. சால்டர் செய்யுங்கள், அல்லது கிரிம்ப் செய்து ஹீட் ஷ்ரிங்க் போடுங்கள்.

கடைசியாக, வெள்ளை வயர். டிரெய்லர் விளக்கில் வரும் விசித்திரமான கோளாறுகளுக்கு மிக அடிக்கடி காரணம் இதுதான். இண்டிகேட்டர் போட்டால் டெயில் விளக்கும் கூடவே மினுக்குகிறது, பிரேக் பிடித்தால் எல்லாம் மங்கலாக எரிகிறது என்றால் பல்பை மாற்றிக்கொண்டிருக்காதீர்கள். எர்த் சரியாகப் பிடிக்கவில்லை. பெயிண்ட்டைச் சுரண்டிய சுத்தமான இரும்பில் எர்த்தை இறுக்கி, மேலே கிரீஸ் தடவிவிடுங்கள். இரும்பு உருண்டை தொட்டுக்கொண்டிருக்கிறதே, அதுவே எர்த் ஆகிவிடும் என்று விடாதீர்கள். அங்கே கிரீஸும் துருவும்தான் இருக்கும்.

நீங்களே செய்வதாக இருந்தால்

ஐந்து எண்களும் கைக்கு வந்து, பேப்பர் வேலையும் முடிந்தது என்று வைத்துக்கொள்வோம். இந்த வரிசையில் போங்கள்.

முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். காரை ஜாக்கியில் மட்டும் தூக்கி அடியில் போகாதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள். எலெக்ட்ரிக் கார், ஹைப்ரிட் கார் என்றால் ஆரஞ்சு நிறக் கேபிள் பக்கமே கை போகக் கூடாது, அந்த வேலையை சர்வீஸ் சென்டரிடம் விட்டுவிடுங்கள். சிஎன்ஜி கார் என்றால் டிக்கி தரையில் துளையிடுவதை மறந்துவிடுங்கள்.

டோ பார் உட்கார வேண்டியது தயாரிப்பாளர் ஏற்கெனவே கொடுத்த துளைகளில். போல்ட் தலையில் 8.8 அல்லது 10.9 என்று பொறித்திருக்கும், அது பலத்தின் குறியீடு. கிட்டில் வந்த போல்ட்டில் ஒன்று தொலைந்தால் ஹார்டுவேர் கடையில் அதே தடிமனில் கிடைப்பதை வாங்கிப் போடாதீர்கள், அதே எண் உள்ள போல்ட்டாக இருக்க வேண்டும். இறுக்குவதற்கு டார்க் ரெஞ்ச் வேண்டும், கை பலம் போதாது. முதல் சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி ஒருமுறை எல்லாவற்றையும் சரிபாருங்கள். பெயிண்ட் பெயர்ந்த இடங்களில் துரு தடுக்கும் பூச்சு போடுங்கள்.

நம்பர் பிளேட் மறைகிறதா பாருங்கள். உருண்டையின் கழுத்து சரியாக எண்களுக்கு முன்னால் வந்து நிற்பது வழக்கமான பிரச்சினை. பின் சென்சார், கேமரா பார்வையையும் சோதியுங்கள்.

பிறகு ஒருவரை டிரைவர் சீட்டில் உட்கார வைத்து, நீங்கள் பின்னால் நின்று ஒவ்வொரு விளக்காகச் சொல்லிப் பாருங்கள். தனித்தனியாக எரிந்தால் போதாது. டெயில் விளக்கு, பிரேக், இண்டிகேட்டர் மூன்றும் ஒரே நேரத்தில் எரியும்போதும் சரியாக இருக்க வேண்டும். எர்த் கோளாறு அப்போதுதான் வெளியே வரும்.

டிரெய்லரை மாட்டியதும் கப்ளர் பூட்டைப் போட்டுவிட்டு, டிரெய்லரின் முன்பக்கத்தைக் கையால் மேலே தூக்கிப் பாருங்கள். காரின் பின்பக்கமும் சேர்ந்து எழும்பினால் பூட்டு விழுந்திருக்கிறது. பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் கப்ளருக்கு அடியில் குறுக்காகப் போடுங்கள். பூட்டு விட்டுவிட்டால் டிரெய்லரின் மூக்கு தரையில் குத்தாமல் அந்தச் சங்கிலித் தொட்டில் தாங்கும்.

ஓடும்போது டிரெய்லர் வாலாட்ட ஆரம்பித்தால் வேகத்தைக் கூட்டி நேராக்கப் பார்க்காதீர்கள், பிரேக்கை அழுத்தி மிதிக்கவும் செய்யாதீர்கள். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, வேகம் தானாகக் குறையட்டும். அப்புறம் நிறுத்தி, சுமையை டிரெய்லரின் அச்சுக்குச் சற்று முன்னால் நகர்த்துங்கள்.

டிரெய்லர் இல்லாமல் ஹிட்ச் மட்டும்?

ஐந்து எண்களைப் பற்றிக் கவலையே படாமல் ஹிட்ச் மாட்டுகிறவர்கள் இவர்கள்தான். "இழுக்கப்போவதில்லை, பம்பருக்குப் பாதுகாப்பு" என்பது அவர்கள் சொல்லும் காரணம். இங்கே வேறு எண்களைப் பார்க்க வேண்டும்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022 அறிக்கைப்படி அந்த ஆண்டு இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 74,897 பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள், அதாவது 44.5 சதவீதம். நாளொன்றுக்குச் சராசரியாக 205 பேர். விபத்து வகைகளில் பின்னாலிருந்து இடிப்பது மட்டுமே சுமார் ஐந்தில் ஒரு பங்கு.

இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். உங்கள் காரின் பின்னால் சிக்னலில் வந்து நிற்கிறவர்களில் பைக், ஸ்கூட்டரில் வருகிறவர்களே அதிகம். பம்பர் பிளாஸ்டிக், இடித்தால் உள்வாங்கும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பு உள்வாங்காது. அது இருக்கும் உயரமும் ஸ்கூட்டரின் முன்சக்கரம், ஓட்டுநரின் முழங்கால், முழங்காலுக்குக் கீழ் எலும்பு இருக்கும் உயரமும் கிட்டத்தட்ட ஒன்று. நெரிசலில் நடந்து கடக்கிறவர்களுக்கும் அப்படித்தான்.

காருக்குள் இருப்பவருக்கும் இது லாபம் இல்லை. பின்னால் இடிக்கும் விசையை பம்பரும் அதன் பின்னால் உள்ள மெல்லிய பாகங்களும் நசுங்கி உறிஞ்ச வேண்டும். ஹிட்ச் அந்த விசையை நேராக அடிச்சட்டத்துக்குக் கொண்டுபோகிறது. பம்பர் தப்பிக்கும். குலுக்கல் உங்கள் கழுத்துக்கு வரும், அடிச்சட்டமும் வளையலாம். பம்பர் மாற்றுவதைவிட அடிச்சட்டத்தை நேராக்குவது எவ்வளவு செலவு என்று எந்த டிங்கரிங் கடையிலும் கேட்டுப் பாருங்கள்.

காரின் முன்னால் மாட்டும் புல் பார் விஷயத்தில் மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே இதே போன்ற காரணங்களுக்காக நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. பின்னால் நீட்டும் இரும்புக்கும் அதே தர்க்கம் பொருந்தும். டிரெய்லர் வைத்திருப்பவர்கள்கூட, இழுக்காத நாட்களில் கழுத்தைக் கழற்றி டிக்கியில் வைக்கும் வகை ஹிட்ச்சை வாங்குவது நல்லது.

ஆக, என்ன செய்வது?

கார் கையேட்டை எடுத்து, டிரெய்லர் இழுப்பது பற்றிய பக்கத்தைத் தேடுங்கள். எண் இருந்தால் மற்ற நான்கையும் சேகரியுங்கள். இல்லையென்றால் தயாரிப்பாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, உங்கள் மாடலுக்கும் ஆண்டுக்கும் இழுவைத் திறன் என்ன என்று கேளுங்கள். வரும் பதிலைப் பத்திரமாக வையுங்கள். "பரிந்துரைக்கவில்லை" என்று வந்தால் மாதத்தில் ஒருநாள் படகையோ சரக்கையோ கொண்டுபோக பிக்கப் வண்டியை வாடகைக்கு எடுப்பது மலிவு.

கப்ளரைப் பூட்டி, சங்கிலி போட்டு, ஏழு பின்னையும் செருகிவிட்டால் உங்கள் காருக்குப் பின்னால் இன்னொரு வாகனம் ஓடுகிறது. அதை நீங்கள்தான் ஓட்டுகிறீர்கள், அதற்குப் பொறுப்பும் நீங்கள்தான். அது எத்தனை கிலோ, எங்கே பதிவானது, யார் இன்சூர் பண்ணியிருக்கிறார்கள் என்ற மூன்று கேள்விக்கும் பதில் தெரிந்தால் சாவியைத் திருப்புங்கள்.